மீந்த துண்டுகளைச் சேர்ப்போம்



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரின் பசியைப் போக்கிய ஆண்டவர், அதன்பின் சீடர்களுக்கு ஒரு வேலை தருகிறார். எதுவும் வீணாகாதபடி மீந்த துண்டுகளைச் சேர்க்கச் சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவருக்கு மீந்த துண்டுகள் எதற்கு?

ஸ்பெயின் நாட்டில் ஹுஸ்தோ கயேகோ என்றொருவர் வாழ்ந்தார். 1925-ஆம் ஆண்டு பிறந்தவர். திராப்பிஸ்டு மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். அங்கே காசநோய் கண்டது. மற்றவர்களுக்கும் தொற்றிவிடும் என்று அஞ்சி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமடைந்தால் பிலார் அன்னைக்கு ஓர் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். குணமும் அடைந்தார். 1961 அக்டோபர் 12, அந்த அன்னையின் திருநாளன்று, மாத்ரித் நகருக்கு அருகிலுள்ள மெஹோராதா தெல் காம்போவில், தம் குடும்ப நிலத்திலேயே வேலையைத் தொடங்கினார்.

அவர் கட்டடக்கலை படித்தவர் அல்லர். ஆலயங்களைப் பற்றிய நூல்களைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். செங்கல் சூளைகள் கழித்துப்போட்ட கற்களை வாங்கிவந்து சுவர் எழுப்பினார். பழைய எண்ணெய் டிரம்களை அச்சாக வைத்துத் தூண்களை வார்த்தார். சைக்கிள் சக்கரம் பாரம் தூக்கும் கப்பியானது. சிலர் உதவினாலும் பெரும்பாலும் தனியாகவே உழைத்தார். 2021 நவம்பரில், 96 வயதில் அவர் இறக்கும்போது உயர்ந்த குவிமாடத்தோடும் கோபுரங்களோடும் அந்த ஆலயம் நின்றது. வேலை மட்டும் அப்போது முடிந்திருக்கவில்லை.

அன்பர்களே, நேர்ந்துகொண்ட எல்லாரும் குணமடைவதில்லை. அந்த வேதனையை அறிந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே நேர்ச்சையின் பலனை மட்டும் பார்க்க வேண்டாம். நோய் போனபின் அவருக்கு என்ன மிஞ்சியது என்று பாருங்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட காயம் மிஞ்சியது. அந்தக் காயத்தை எந்த மருந்து ஆற்றும்? வேண்டாம் என்று பிறர் எறிந்தவற்றையே எடுத்து, அறுபது ஆண்டுகள் இறைவனுக்கு வீடு கட்டினார். அந்த வேலையே அவருக்கு மருந்தாயிற்று என்று நான் நம்புகிறேன்.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். காசநோய் முற்றிலும் குணமான பிறகும் தனித் தட்டில் சோறு வாங்கும் ஒருவர் இருக்கலாம். மனநோயிலிருந்து மீண்ட மகளை, விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பலாம். பக்கவாதம் வந்த தந்தையிடம், "நீங்க சும்மா இருங்கப்பா" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அவர் காதில், "இனி நீங்கள் தேவையில்லை" என்றே அது விழுகிறது.

இந்த வாரம் அவர்களுள் ஒருவரிடம் ஓர் உதவி கேளுங்கள். பூக்கட்டச் சொல்லுங்கள், பேரனுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள், அன்பியக் கூட்டத்தில் செபம் நடத்த அழையுங்கள். மெதுவாகச் செய்யட்டும், கோணலாகச் செய்யட்டும், பொறுத்திருங்கள். ஆண்டவர் சேர்க்கச் சொன்ன துண்டுகள் நம் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கின்றன.

எவரையும் வீணாக விடாத இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.