வடகிழக்குப் பருவமழையும் வாயுமண்டல நியதிகளும்



இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்தமைக்கு நன்றி கூறி, உபசார வார்த்தைகளை அத்துடன் நிறுத்திக்கொண்டு, நம் கடற்கரையின் மழையைப் பற்றி நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திவரும் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பள்ளிப் புத்தகங்கள் பொதுவாகக் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. ஆசியக் கண்டத்தின் உட்பகுதி குளிர்ந்து, அங்கே அழுத்தம் மிகுந்து, அங்கிருந்து புறப்படும் வறண்ட காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கையில் ஈரத்தை முகந்துகொண்டு வந்து சோழமண்டலக் கரையில் பொழிகிறது என்பர். இதில் பொய் ஏதும் இல்லை. எனினும் தை மாதத்தில் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று நோக்குபவருக்கு இவ்விளக்கம் போதாது என்பது பிரத்தியட்சம். அப்பொழுதும் வடகிழக்குக் காற்றே வீசுகிறது. அதே விரிகுடாவைக் கடந்து ஈரத்தோடுதான் வருகிறது. வானத்திலோ சிதறிய வெண்முகில்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏரிகளை நிரப்பிய காற்று, தையிலும் மாசியிலும் வெறுமனே கடந்து போவது ஏன்?

இதற்கு விடை காண, வாயுமண்டலத்தின் மூல நியதிகளுக்கே செல்லவேண்டும். காற்றுக்கு எடை உண்டு என்பதை 1643ஆம் ஆண்டில் டாரிச்செல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காட்டினார். 1648இல் பாஸ்கலின் வேண்டுகோளை ஏற்று அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்ஸ் தேசத்துப் புய் த டோம் மலைமீது ஏறி, உயரம் கூடக்கூடப் பாதரசம் இறங்குவதைக் கண்டறிந்தார். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. ஐந்தரை கிலோமீட்டர் உயரத்திற்குள்ளாகவே வாயுமண்டலத்தின் பாதி எடை அடங்கிவிடுகிறது. எனவே மேலெழும் காற்று, சுற்றியுள்ள அழுத்தம் குறையக் குறைய விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன் உஷ்ணத்திலிருந்தே செலவிடுவதால், நீராவி திரளாதவரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்ந்துகொண்டே போகிறது. நீராவி திரளத் தொடங்கியதும் அதனுள் மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டு முகிலை இன்னும் உயரத்திற்கு உந்துகிறது. ஆதலால் ஈரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஈரக்காற்றை மேலே ஏற்றிவிட ஒரு காரணம் வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் அவ்வேற்றத்தை மேற்குத் தொடர்ச்சி மலையே செய்து தருகிறது. ஆனைமலையின் சின்னக்கல்லாற்றில் கொட்டித் தீர்க்கும் காற்று, மலைக்குக் கிழக்கே இறங்குகையில் அழுத்தம் கூடி வெப்பமடைந்து, கோயம்புத்தூருக்குத் தூறலை மட்டுமே விட்டுச் செல்கிறது. சோழமண்டலக் கரையின் ஓரத்தில் அத்தகைய மலைச்சுவர் கிடையாது. இங்கே காற்றை மேலே ஏற்றுவது, பல திசைக் காற்றுகள் வந்து கூடும் தாழ்வழுத்தப் பள்ளமே. கோடையில் வட இந்தியாவின்மேல் கிடந்த அப்பள்ளம், சூரியனைப் பின்பற்றித் தெற்கே நகர்ந்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் விரிகுடாவின் தென்பகுதியில் வந்து நிற்கிறது. நம் கரையை நோக்கி வரும் தாழ்வுநிலைகளும் புயல்களும் அங்கேதான் கருக்கொள்கின்றன. சனவரியில் அது பூமத்தியரேகைப் பக்கம் விலகிவிட, நம் தலைக்குமேல் மெல்ல இறங்கும் காற்று முகில்களை உயர வளரவிடாமல் தடுத்துவிடுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்றின் தலைகீழ் வடிவமே வடகிழக்குப் பருவக்காற்று என்று எண்ணிக்கொண்டு, முன்னதற்கு வகுத்த விதிகளைப் பின்னதற்கும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் நீங்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த சர் கில்பர்ட் வாக்கர், பசிபிக் சமுத்திரத்திலும் இந்து சமுத்திரத்திலும் அழுத்தம் மாறிமாறி உயர்ந்து தாழும் பேரலைவைக் கண்டுரைத்தார். அதனோடு இணைந்த எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குன்றும் போக்கு உண்டு. நம் வடகிழக்குப் பருவமழையோ அவ்வாண்டுகளில் மிகும் போக்கை உடையது. 2015 அத்தகைய ஆண்டு. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின்மேலும் 490 லிட்டர் நீர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அறுபது விழுக்காட்டிற்கு மேல் குறைந்து, சம்பாப் பயிர் பட்ட பாட்டை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய தொடர்புகளை ஆராய்வதற்கு ஆதாரம், நாள் தவறாத அவதானமே. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வு நிலையத்தின் மரபு நமக்குரியது. நம் அட்சரேகைகளில் பாரமானியைத் தொடர்ந்து நோக்குபவர், அழுத்தம் காலை 10 மணியளவில் உயர்ந்து, மாலை 4 மணியளவில் தாழ்ந்து, மீண்டும் இரவு 10 மணியளவில் உயர்ந்து, விடியற்காலை 4 மணியளவில் தாழ்வதைக் காண்பார். மேல்வானத்து ஓசோனும் நீராவியும் சூரிய வெப்பத்தை உட்கொள்வதால் காற்றுக்கடல் முழுவதும் எழுந்தடங்கும் ஓதம் அது. அதன் வீச்சு மூன்று மில்லிபார் அளவே. இக்கிரமம் பிறழ்ந்து, காலையில் ஏறவேண்டிய பாதரசம் ஏறாமல் நிற்குமானால், விரிகுடாவில் புயல் உருவாகிறதோ என்று கண்காணிக்கவேண்டும் என்பதைச் செயற்கைக்கோள் இல்லாத காலத்து மாலுமிகள் அறிந்திருந்தனர்.

மழைமானியின் செய்தியும் அவ்வாறே. காலை 8.30 மணிக்கு நீரை அளவுக் குவளையில் ஊற்றி, குழிந்து தாழ்ந்த நீர்ப்பரப்பின் அடிவிளிம்புக்கு நேராகக் கண்ணை இறக்கி, படித்த அளவை உடனே எழுதிவைக்கும் ஊழியரின் சிரத்தையின்மேல்தான் நம் வாதங்கள் அனைத்தும் நிற்கின்றன. நீலகிரியிலும் ஆனைமலையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் இவ்வாறு எழுதப்பட்ட மழைப் பதிவேடுகள் பல உள்ளன. அவை செல்லரித்துப் போகுமுன் படியெடுத்து, வட்டாரந்தோறும் தொகுக்க ஒரு குழுவை இம்மாநாடு அமைக்கவேண்டும். அதற்கான தீர்மானத்தை நாளை பிற்பகல் அமர்வில் நானே முன்மொழிவேன். விரிகுடாத் தாழ்வுநிலைகளைப் பற்றிய கட்டுரைகளோடு முதல் அமர்வைத் தொடங்குமாறு அதன் தலைவர் அவர்களை இப்பொழுது அன்புடன் அழைக்கிறேன்.