புத்தகக் கட்டுக்குள் ஒரு குறுவாள்

இந்த வாரம் நாம பேசப்போறது ஒரு சின்னப் பொருளைப் பற்றி. ஒரு சாண் நீளம், மிஞ்சிப்போனா ஒரு முழம். இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது. குறுவாள்.

தமிழில் இதுக்கு எத்தனை பேர் பாருங்க. குறுவாள், குத்துவாள், கட்டாரி, பிச்சுவா, சூரி. பிச்சுவா வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் பிச்சுன்னா தேள். தேளின் கொடுக்கு மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். 1659ல் பிரதாப்கட் கோட்டை அடிவாரத்தில் சிவாஜியும் அப்சல் கானும் சந்தித்தபோது, புலிநகத்தோடு சேர்த்து சிவாஜியிடம் இருந்ததாகச் சொல்லப்படுவது இந்த பிச்சுவாதான். சமாதானம் பேச வந்த இடம், கட்டித் தழுவும் நேரம். அந்த இடத்தில் வேலுக்கும் வில்லுக்கும் வேலையே இல்லை.

இதுதான் இன்றைய பேச்சுக்கு அடிப்படை. வில் தூரத்திலிருந்து பாயும். வேலும் அப்படித்தான். துப்பாக்கியைச் சொல்லவே வேண்டாம். நம்ம ஆவடியில் 1960களிலிருந்து பீரங்கி வண்டி செய்யறாங்க. அது சுடும்போது எதிரியின் முகம்கூடத் தெரியாது. குறுவாள் அப்படி இல்லை. அதைப் பயன்படுத்தணும்னா ஒருத்தரோட மூச்சுக்காற்று படும் தூரத்துக்குப் போகணும். அவ்வளவு பக்கத்தில் யாரை விடுவோம்? நம்பினவரைத்தான் விடுவோம். அதனால் கலையிலும் வரலாற்றிலும் குறுவாள் வரும் இடத்தில் எல்லாம் நம்பிக்கை பற்றிய கேள்வியும் கூடவே வருது.

இப்போ மூன்று காட்சிகளைச் சொல்றேன். இரண்டு நம்ம பக்கத்து ஊர்கள். ஒன்று கிரிக்கெட் மைதானம்.

முதல் காட்சி, 2018 பிப்ரவரி. பூந்தமல்லி, மாங்காடு பக்கம் மலையம்பாக்கம். ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா. போலீஸ் சுற்றி வளைத்து 70க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். செய்தியாகப் பரவியது கைது மட்டும் இல்லை. கேக்கை வெட்ட அவர் எடுத்தது பட்டாக்கத்தி. அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அதுக்கப்புறம் பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி மாட்டிக்கிட்ட பையன்களைப் பற்றி எத்தனை செய்தி படிச்சிருப்போம்!

இரண்டாவது காட்சி, 2019 ஜூன் 5. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரம். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. நம்ம தோனி விக்கெட் கீப்பிங் கையுறையில் ஒரு சின்னம். கீழ்நோக்கிய குறுவாள், அதிலிருந்து மேலே விரியும் இரண்டு சிறகுகள், நடுவில் 'பலிதான்' என்று தேவநாகரி எழுத்து. இந்திய ராணுவத்தின் பாரா சிறப்புப் படையினர் அணியும் சின்னம் அது. தோனி 2011லிருந்து பிரதேச ராணுவத்தின் பாராசூட் படைப்பிரிவில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதியைக் காட்டி அதை எடுக்கச் சொன்னது. அடுத்த ஆட்டத்தில் கையுறையில் அது இல்லை. நாடே இரண்டு பட்டு விவாதித்தது. அந்தச் சின்னத்தின் பொருள் என்னன்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். பலிதான் என்றால் பலி கொடுத்தல். யாரை? தன்னைத்தான்.

மூன்றாவது காட்சி, 12ஆம் நூற்றாண்டு. குன்றத்தூர்க்காரர் ஒருவர் எழுதியது. அதைக் கடைசியில் சொல்றேன், அதுதான் முக்கியமானது.

முதலில் அந்தப் 'பலி' என்ற சொல்லைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி போவோம். மாமல்லபுரத்துக்கு எல்லாரும் போயிருப்பீங்க. ஐந்து ரதங்களில் சின்னது, குடிசை மாதிரி கூரை போட்டது, திரௌபதி ரதம். அடுத்த முறை போனால் உள்ளே எட்டிப் பாருங்க. பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் மண்டியிட்ட ஒரு வீரன், ஒரு கையால் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கழுத்தில் வாளை வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பம். ஆயிரத்து முந்நூறு வருஷமா அந்தக் கை அப்படியே நிற்குது.

இதை அரிகண்டம், நவகண்டம் என்று சொல்வாங்க. அரிகண்டம் என்றால் தலையை அரிந்து கொடுப்பது. நவகண்டம் என்றால் உடலில் ஒன்பது இடங்களில் அரிந்து கொடுப்பது. அரசன் போரில் ஜெயிக்கணும், ஊர் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கொண்டு செய்தது. நெல்லூர்ப் பக்கம் மல்லம் என்ற ஊரில், பல்லவ மன்னன் கம்பவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அப்படி உயிர் கொடுத்த ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இந்தச் சிலைகள் உண்டு. பல இடங்களில் அது என்னன்னு தெரியாமலே மஞ்சள் பூசிக் கும்பிடறாங்க.

இந்தச் சிற்பங்களில் கவனிக்க வேண்டியது முகம். வலி தெரியாது. சில சிலைகளில் லேசான சிரிப்புகூட உண்டு. சிற்பி சொல்ல வந்தது, கத்தி இங்கே கொலைக்கருவி இல்லை, காணிக்கைக் கருவி. ஆனா நாம் ஒரு கேள்வி கேட்கலாம் இல்லையா? அந்த வீரன் வீட்டில் ஒரு மனைவி இருந்திருப்பாள், அம்மா இருந்திருப்பாள். அவங்க முகத்தைக் கல்லில் யாரும் செதுக்கலை. ஊருக்காக உயிர் விட்டவர் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதுக்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம்னா ரத்தம். ரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த வயல். அந்த ஒரு சொல்லில் இழப்பும் இருக்கு, கணக்கும் இருக்கு.

நடுகற்களிலும் குறுவாள் உண்டு. செங்கம் பகுதி நடுகற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக நிற்பதைப் பார்க்கலாம். அதில் பலர் ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்கள். வில் எட்டும் தூரம் முடிந்து, எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகும் அவன் ஓடவில்லை என்பதற்கு அந்தக் குறுவாளே சாட்சி மாதிரி நிற்கும்.

அடுத்தது கட்டாரி. உலகத்தில் குறுவாள் பல வகை இருக்கு, ஆனா இது இந்திய மண்ணுக்கே உரியது. பழைய மாதிரிகள் விஜயநகர ஆட்சிக் காலத்துத் தென்னிந்தியாவிலிருந்துதான் கிடைக்குது. சாதாரணக் கத்தியில் பிடி, அலகோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். கட்டாரியில் பிடி குறுக்கே, ஏணிப்படி மாதிரி. பிடித்து முஷ்டியை மடக்கினால் அலகு முஷ்டிக்கு நேராக நீளும். அதாவது, கையே கத்தி ஆகிடும்.

இதில் பேர் போனவை தஞ்சாவூர்க் கட்டாரிகள். கையை மறைக்க இலை மாதிரியோ பாம்புப் படம் மாதிரியோ ஒரு கவசம், பிடியில் நுணுக்கமான வேலைப்பாடு. அலகைப் பார்த்தால் ஆச்சரியம், பலவற்றில் அது ஐரோப்பிய வாளின் அலகு. கடல் வழியாக வந்த அந்நிய வாளை வெட்டி, நம்ம ஊர்க் கொல்லர் பிடி போட்டிருக்கிறார். சண்டைக்கு மட்டும் இல்லை, இடுப்பில் செருகிக்கொண்டு சபையில் நிற்பதற்கும்தான். உறைக்குள் இருக்கும் கத்திதான் அந்தஸ்து. சபையில் உருவினால் அது அவமரியாதை.

1855ல் தஞ்சையின் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கம்பெனி அரசு சமஸ்தானத்தை எடுத்துக்கொண்டது. ஆயுதசாலை என்ன ஆச்சு? நல்லதாகப் பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மிச்சத்தில் ஏராளமானவை உடைக்கப்பட்டு, பழைய இரும்பு விலைக்குப் போயின. சில கை மாறிக் கை மாறி வெளிநாட்டுக்குப் போயின. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் தஞ்சாவூர்க் கட்டாரி இருக்கு. ஒரு அரசு விழுந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் என்ன வேணும்? நேற்று வரை மானம், இன்றைக்குக் கிலோ கணக்கு.

சரி, இப்போ குன்றத்தூருக்கு வருவோம். பூந்தமல்லியிலிருந்து பக்கம்தான். மலைமேல் முருகன் கோயில் எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்தான் சேக்கிழார் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேசுரத்தின் மேல் வைத்த அன்பால், சொந்த ஊரிலும் ஒரு நாகேசுவரர் கோயில் எழுப்பியவர். அவர் எழுதிய பெரியபுராணம் 4,000 பாடல்களுக்கு மேல். அதில் மெய்ப்பொருள் நாயனார் கதை வருது.

திருக்கோவலூரை ஆண்ட அரசர் அவர். சிவனடியார் வேடத்தைக் கண்டாலே கைகூப்புவார். அவரிடம் போரில் பலமுறை தோற்றவன் முத்தநாதன். நேரில் ஜெயிக்க முடியாதுன்னு தெரிந்ததும் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடை முடித்து, கையில் ஒரு சுவடிக் கட்டோடு வருகிறான். கட்டுக்குள் ஆயுதம். உள்ளே கரி பிடித்த விளக்கு வெளியே வெளிச்சமாகத் தெரிவது மாதிரி என்கிறார் சேக்கிழார். வாயில் காவலர்கள் வழி விடுகிறார்கள். கடைசி வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும், அரசர் தூங்குகிறார், நேரம் பார்த்து வாருங்கள் என்கிறான். அவன் கேட்காமல் நுழைகிறான். யாருக்கும் கிடைக்காத ஆகமம் கொண்டு வந்திருக்கிறேன், தனியாகத்தான் சொல்வேன் என்கிறான். அரசர் அரசியை அனுப்பிவிட்டு, வந்தவனை ஆசனத்தில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து வணங்குகிறார். அவன் சுவடியை அவிழ்ப்பதுபோல் அவிழ்த்து, ஆயுதத்தை எடுக்கிறான்.

இங்கே இரண்டு விஷயம் கவனிங்க. ஒன்று, ஆயுதத்துக்கு சேக்கிழார் போடும் சொல் 'பத்திரம்'. பத்திரம் என்றால் ஆயுதம், பத்திரம் என்றால் ஏடும்கூட. படிக்க எடுத்ததும் குத்த எடுத்ததும் ஒரே சொல். இரண்டு, குத்தினான் என்று அவர் விவரிக்கவே இல்லை. ரத்தம் இல்லை, காயம் இல்லை. முன்பு நினைத்ததைச் செய்தான், அவ்வளவுதான். நம்ம கேமராக்கள் எதை நெருக்கிக் காட்டுமோ, அதை அவர் ஒரு வார்த்தையில் தாண்டிப் போகிறார்.

ஏன்னா அவருக்கு வேண்டிய காட்சி அடுத்தது. தத்தன் வாளோடு பாய்ந்து வருகிறான். கீழே சரியும் அரசர் தடுக்கிறார். தத்தா, இவர் நம்மவர், விட்டுவிடு. அதோடு நிற்கவில்லை, இவரை யாரும் தொடாமல் ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடு என்கிறார். விஷயம் தெரிந்து ஊர் திரண்டு வழிமறிக்குது. தத்தன் அரசர் ஆணையைச் சொல்லி விலக்கி, கொலைகாரனை ஊருக்கு வெளியே பத்திரமாக விட்டுவிட்டு வந்து சொல்கிறான். அதைக் கேட்கும் வரை அரசர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

அரசரின் பக்தி பெரிதுதான். ஆனா தத்தனை நினைச்சுப் பாருங்க. கையில் உருவிய வாள். முன்னால் தன் அரசரைக் குத்தியவன். சுற்றிலும் கொதிக்கும் ஜனம். வெட்டியிருந்தால் அவனை வீரன்னு ஊரே தூக்கி வைத்திருக்கும். அவன் அந்த வாளை உயர்த்தாமல் நடந்தான். அந்த நடைதான் இந்தக் கதையிலேயே ரொம்பக் கஷ்டமான வேலை.

திருவள்ளுவரும் இதைப் பேசியிருக்கார். கூடா நட்பு அதிகாரத்தில், பகைவர் தொழுத கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும், ஜாக்கிரதை என்கிறார். அது அரசனுக்குச் சொன்ன புத்தி. சேக்கிழார் அதைத் தெரியாதவர் இல்லை, அமைச்சராக இருந்தவர். தெரிந்தும், ஏமாந்த அரசரைத்தான் நாயனார் என்கிறார். இரண்டில் எது சரின்னு எனக்கு ஒரே வரியில் சொல்லத் தெரியலை. ஊரை ஆள வள்ளுவர் வேணும். பழிக்குப் பழியை நிறுத்த சேக்கிழாரும் வேணும்.

ரோமாபுரியில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்க. கி.மு. 44 மார்ச் 15ல் சீசரை அவர் நம்பின ஆட்களே குத்தினாங்க. ஒன்றிரண்டு வருஷத்தில் புரூட்டஸ் நாணயம் அடித்தார். ஒரு பக்கம் தன் முகம். மறு பக்கம் இரண்டு குறுவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே அந்தத் தேதி. கொலையை விடுதலைன்னு காசில் அச்சடித்தார். குத்தினவன் கையில் அச்சு இருந்தால் கத்திக்கு அந்த அர்த்தம். நம்ம கதையில் குத்தினவனுக்கு நாணயமும் இல்லை, சிலையும் இல்லை.

இப்போ மலையம்பாக்கத்துக்குத் திரும்பலாம். அங்கிருந்து குன்றத்தூர் சில கிலோமீட்டர்தான். பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் பையனுக்கு அந்தக் கத்தி ஒரு அடையாளம். நான் யார் தெரியுமான்னு கேட்கும் அடையாளம். பள்ளிக்கூடத்திலும் வேலை இடத்திலும் யாரும் மதிக்காத பையனை, அந்த ஒரு நிமிட வீடியோவில் ஊரே பார்க்குது. அவனைத் திட்டுவது சுலபம், போலீஸ் பிடிப்பதும் நியாயம். ஆனா ஒரு வீட்டில் அந்த வீடியோவுக்கப்புறம் ஒரு அம்மா ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா ஆஸ்பத்திரி வாசலில். கல்லில் செதுக்காமல் விட்ட அதே முகங்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது ஒன்றுதான். கத்தி எடுத்தவங்க கதை நம்ம பக்கம் நிறைய இருக்கு, தம்பி. உன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், கத்தியை இறக்கினவன் கதையை எழுதி எண்ணூறு வருஷத்துக்கு மேல ஆகுது. இன்னும் படிக்கிறாங்க.

நேரம் கிடைத்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதங்கள் இருக்கும் பகுதியைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்க. குன்றத்தூர் மலைக்குப் போனால், கீழே நாகேசுவரர் கோயிலுக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க. உங்க ஊரில் கழுத்தில் வாள் வைத்த வீரன் சிலை இருந்தா, அதைப் பற்றிப் பெரியவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.