கால்வாயில் இரண்டு நாள்

இங்கிலாந்தில் இருப்புப்பாதை தோன்றுவதற்கு முன்னர், நிலக்கரியும் தானியமும் கால்வாய் வழியாகவே ஊர்தோறும் சென்றன. அவற்றைச் சுமந்த படகுகளில் பெரும்பாலானவை ஏழடி அகலமும் எழுபதடி வரை நீளமும் உடையவை. கரையில் நடந்து செல்லும் குதிரை அவற்றைக் கயிற்றால் இழுத்துச் செல்லும். இன்று அதே வடிவில் அமைந்த படகில் டீசல் இயந்திரமும் அடுப்பும் படுக்கைகளும் உண்டு. வார இறுதியில் நண்பர்கள் கூடி அதில் உலாவச் செல்வர். மணிக்கு நான்கு மைலுக்கு மேல் செலுத்தக்கூடாது என்பது விதி. விரைந்து போக எண்ணுவோர் கரையில் இறங்கி நடப்பதே நலம்!

ஒன்றாகப் பயின்று, பின்னர் ஊருக்கொருவராகப் பிரிந்த எண்மர் நாங்கள். இருவரிடம் சொந்தப் படகுகள் இருந்தன. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமையன்று பிராட்போர்டு-ஆன்-ஏவன் என்னும் ஊரிலிருந்து நால்வர் ஒரு படகில் புறப்பட்டோம். மற்ற நால்வர் தம் படகுடன் கேன் ஹில் குன்றின் அடிவாரத்தில் எங்களை எதிர்நோக்கி இருந்தனர். அன்றிரவு ஒரே அடுப்பில் சமைத்து உண்டோம். பேச்சு நள்ளிரவைக் கடந்தது.

மறுநாள் குன்றேறும் வேலை. படகு குன்றேறுமா என்று நீங்கள் வியக்கலாம். முன்னும் பின்னும் கனத்த மரக்கதவுகள் பொருந்திய கல்தொட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதனை ‘லாக்’ என்பர். படகு உள்ளே புகுந்ததும் கீழ்க்கதவுகளை அடைத்து, மேற்புறத்துச் சிறு மதகுகளைத் திருகித் திறக்கவேண்டும். மேலிருந்து பாயும் நீர் தொட்டியை நிரப்ப, படகும் உடன் உயரும். உள்நீரும் மேல்நீரும் சமமாகும் வரை மேற்கதவு அசையாது. எண்மரும் சேர்ந்து முட்டினாலும் பயனில்லை. சமமானதும், ஒருவர் முதுகு கொடுத்துத் தள்ளினாலே மெல்ல விலகும். இதில் இயந்திரம் ஏதுமில்லை. நீரின் எடையே எல்லாம் செய்கிறது.

கேன் ஹில் பகுதியில் இத்தகைய தொட்டிகள் இருபத்தொன்பது. இரண்டே மைல் தூரத்தில் அவை படகை 237 அடி உயர்த்துகின்றன. அவற்றுள் பதினாறு, குன்றின் சரிவில் ஒரே நேர்கோட்டில் படிக்கட்டுப்போல் நிற்கின்றன. ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே நீர் தேக்கப் போதிய இடமில்லை. ஆகவே பொறியாளர் ஜான் ரென்னி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அகன்ற குளம் ஒன்று அமைத்தார். அந்த அறிவுக்கூர்மை என்னை மிகவும் கவர்ந்தது. இருவர் படகுகளைச் செலுத்த, மற்றவர் முன்னே ஓடி அடுத்த தொட்டியை ஆயத்தம் செய்தோம். ஆயினும் உச்சியிலுள்ள டிவைசஸ் நகரை அடைய ஆறு மணி நேரம் ஆயிற்று. அன்று நாங்கள் பேசியதைவிடக் கூவியதே மிகுதி.

பிரிஸ்டலையும் லண்டனையும் நீர்வழியில் இணைத்த இந்தக் கெனெட்–ஏவன் கால்வாய் 1810இல் முழுமை பெற்றது. 1852இல் ஒரு ரயில் கம்பெனியின் கைக்குச் சென்றது. தன் வண்டிகளுக்குப் போட்டியான வழியை எந்தக் கம்பெனி பேணும்? நாளடைவில் கதவுகள் உளுத்தன, நீர் வற்றியது. 1956இல் இதில் படகு விடும் உரிமையையே நீக்கச் சட்ட மசோதா வந்தது. அப்போது 22,000 பேர் ஒப்பமிட்டு அரசிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். அதனைப் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு நீர்வழியாகவே கொண்டுசென்றனர். பெரிய படகு செல்ல இயலாத இடங்களில் சிறு துடுப்புப்படகு அதனைச் சுமந்தது. உரிமை நிறுத்தப்பட்டது உண்மையே. ஆனால் கால்வாயை மேலும் சீரழிய விடலாகாது என்ற கட்டுப்பாடு பிறந்தது. அதைப் பற்றிக்கொண்டு, ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர் வார இறுதிகளில் மண்வெட்டியுடன் வந்து சேறு வாரினர். 1990இல் அரசி இரண்டாம் எலிசபெத் கேன் ஹில்லுக்கே வந்து கால்வாயை மீண்டும் திறந்துவைத்தார்.

தண்ணீர்க் குறை மட்டும் தீரவில்லை. படகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டி நீர் கீழே போய்விடுகிறது. 1996இல் அடிவாரத்தில் பம்பு அமைத்து, அந்நீரை மீண்டும் உச்சிக்கு ஏற்ற வழி செய்தனர். தொட்டியின் அகலமோ இரு படகுகளுக்குப் போதும். ஆதலால் தனிப்படகில் வருவோர் அடிவாரத்தில் சற்றுப் பொறுத்து, பின்னால் வேறு படகு வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பர்.