லேடீஸ் டப்பாவில் இரண்டு நிமிடம்



காலையில் மும்பை செம்பூரிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து ஆபீஸ் போகிறவள் நான். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் போய்ச் சேர முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். உட்கார இடம் கிடைத்தால் அன்று ராஜயோகம். கிடைக்காவிட்டால் குர்லாவில் ஏறுகிற கூட்டம் நம்மை எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்க வேண்டியதுதான். ஆபீஸில் கணக்கு, வீட்டில் அடுப்பு, மாமியாருக்கு மாத்திரை, பையனுக்குப் பாடம். எனக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது அந்த முக்கால் மணிதான்.

அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்து வருகிறேன். உடம்பைப் பற்றி இரண்டு நிமிடம் தமிழில் பேசி, வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்புகிறேன். வாரத்துக்கு ஒன்று. நான் டாக்டர் இல்லை. முதலில் என் அக்காவும் இரண்டு சிநேகிதிகளும்தான் கேட்டார்கள். அக்காகூட முழுதாகக் கேட்டாளா என்பது சந்தேகம். போன மாதம் தாராவியிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண், "சித்தி, யாரோ ஒரு அக்கா நல்லா சொல்லுதாங்க, கேளுங்க" என்று என் பதிவையே எனக்கு அனுப்பினாள். என் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு வருத்தமில்லை, கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

நேரமில்லாத ஒருத்தி சொல்வதை நாலு பேர் கேட்கும்படி செய்வது எப்படி என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முதலில் நான் சறுக்கிய கதை.

ஆரம்பத்தில் தினம் ஒன்று அனுப்பினேன். ஓட்ஸ், அவகாடோ, கினோவா என்று எங்கள் வீட்டுச் சமையலறைக்கு இதுவரை வராத பண்டங்களைப் பற்றியெல்லாம் பேசினேன். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தாராவி 90 அடி ரோடு பக்கம் ஒரு இட்லிக்கார அண்ணனிடம் மாட்டிக்கொண்டேன். மும்பை நேயர்களுக்கு இவர்களைத் தெரியும். நடுராத்திரிக்குப் பின் எழுந்து மாவு ஊற்றி, விடிவதற்குள் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, கையில் சட்னி வாளியோடு ஊருக்குள் கிளம்பிவிடுவார்கள். அந்த அண்ணனிடம் போய், "தினமும் அரை மணி நேரம் நடங்கண்ணே, உடம்புக்கு நல்லது" என்றேன். அவர் பாத்திரத்தைச் சும்மாட்டிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாதர், பரேல்னு சுத்திட்டு வாரேன். நடக்கிறதை நிறுத்தறதுக்கு ஏதாச்சும் வழி இருந்தா சொல்லும்மா."

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது உண்மைதான். அது நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் என் போன்றவர்களுக்கும், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி வருகிறவர்களுக்கும் பொருந்தும். இட்லிக்கார அண்ணன் ஒரே நாளில் அந்தக் கணக்கை முடித்துவிடுகிறார். அவருடைய கஷ்டம் வேறு. நீர்க்கடுப்பு, இடுப்பில் வலி. தண்ணீர் குடிப்பதே இல்லையாம். ஏன் என்று கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு எங்கே போறது? பாத்திரத்தை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

அந்த வாரம் வேறெதுவும் பேசவில்லை. தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வெயிலில் அலைந்தால் சிறுநீரகத்தில் கல் எப்படி உண்டாகிறது, சிறுநீர் என்ன நிறத்தில் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம், சரக்கை இறக்கி வைக்கிற வாடிக்கைக் கடையிலேயே ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, பக்கத்தில் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். "ஒண்ணுக்கு எங்கே போறது?" என்ற அவருடைய கேள்வியையே தலைப்பாக வைத்தேன். முதல் தடவையாக என் பதிவு எனக்குத் தெரியாதவர்களிடமும் போனது. டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ரோட்டோரம் காய் விற்கிற பெண்கள், எல்லாருக்கும் அதே கஷ்டம்தானே.

அதற்குப் பிறகு லோக்கலில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் லேடீஸ் டப்பாவில் பட்டாணி உரித்துக்கொண்டே பெண்கள் பேசாத வியாதி இல்லை. கேட்ட கேள்வியை, கேட்டவர் வாயிலிருந்து வந்த வார்த்தையிலேயே ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன். "பாவ் சாப்பிட்டா சுகர் ஏறுமா?" மாட்டுங்காவில் ஒரு மாமி கேட்டார்: "சர்க்கரைக்குப் பதிலா வெல்லம் போட்டுண்டா பரவாயில்லையோன்னோ?" பாவ் முழுக்க மைதா, ஏறும். வெல்லமும் ஏற்றும் மாமி. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அதை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம். ஆனால் கோடிக்கணக்கு சொன்னால் மாமி காதில் ஏறாது. வெல்லத்தைப் பற்றிச் சொன்னால் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

இன்னொரு நாள் தாராவியில் அப்பளம் இடுகிற ஒரு அக்கா. கவிழ்த்த மூங்கில் கூடைமேல் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. "டாக்டரு உப்பைக் குறைக்கச் சொல்லுதாரு. சோத்துல உப்பே போடலை. அப்புறமும் பி.பி. இறங்கலையே" என்றார். பேசிக்கொண்டே இடையிடையே ஒரு அப்பளத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அப்பள மாவில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு, இரண்டிலும் சோடியம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சோற்றில் மிச்சம் பிடித்ததை அப்பளத்தில் செலவழித்துக்கொண்டிருந்தார் அக்கா. அந்தப் பதிவு அப்பளக்காரப் பெண்கள் மத்தியில் வாய்க்கு வாய் பரவியது. இதற்கு எனக்கு ஆன செலவு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பத்து நிமிடம்.

எழுத்து வேகமாகப் போக வேண்டும், தினம் வர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் காந்தியைச் சொல்வேன். 1942 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு கோவாலியா டேங்க் மைதானத்தில் பேசியவரை மறுநாள் விடியற்காலையில் இதே பம்பாயில் கைது செய்து, புனே ஆகா கான் மாளிகையில் வைத்தார்கள். 15ஆம் தேதி அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் அங்கேயே இறந்துபோனார். 28ஆம் தேதி காந்தி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். அரசியல் புத்தகம் அல்ல. காற்று, தண்ணீர், சாப்பாடு, உடம்பைப் பேணுவது. கொஞ்சம் கொஞ்சமாக எழுதி டிசம்பர் 18இல் முடித்தார். சின்னப் புத்தகம்தான். அதன் முன்னுரையில் ஒரு விஷயம் சொல்கிறார்: தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' வாசகர்களுக்காக எழுதிய ஆரோக்கியக் கட்டுரைகள்தான் தன் எழுத்துகளிலேயே அதிகம் பரவினவாம், அதற்குக் காரணம் என்னவென்று தனக்கே விளங்கவில்லையாம்.

எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. பெரும்பாலும் தன் உடம்பில் பரிசோதித்துப் பார்த்ததைத்தான் அவர் எழுதினார். படிக்கிறவர்கள் யார், என்ன வேலை செய்கிறவர்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்று, அவர் சொன்ன மண்பட்டி வைத்தியத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மகாத்மா சொன்னாலும் டாக்டரிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

டாக்டரிடம் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது ஒரு கெட்ட அனுபவத்துக்குப் பிறகு. ஊறவைத்த வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று எங்கோ படித்ததை, கொஞ்சம் காரம் மசாலா சேர்த்து, ஒரு தடவை பேசி அனுப்பிவிட்டேன். நான் அனுப்பியவற்றிலேயே அதுதான் அதிக தூரம் போனது. ஊரிலிருந்துகூடப் பாராட்டு. மூன்று வாரம் கழித்து ஒரு பெண் போன் செய்தார். அவர் வீட்டுக்காரர் வெந்தயத்தை நம்பி மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார், சர்க்கரை ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே மாத்திரையை நிறுத்தாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க அக்கா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதை அன்றோடு விட்டேன். அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் தெரிந்த ஒரு டாக்டர் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான்.

யார் வாயால் சொல்கிறோம் என்பதும் பெரிய விஷயம். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் லட்சக்கணக்கான ஜனம், பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறையில், எட்டுப் பேர், பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறை. தள்ளி நில் என்றால் எங்கே போய் நிற்பது? மூடிய உடுப்பும் முகக் கவசமுமாக வந்தவர்களைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள், அழைத்துப் போனால் திரும்பி வர மாட்டோம் என்று வதந்தி. மாநகராட்சி அப்போது அந்தப் பேட்டையிலேயே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வருஷக்கணக்காகப் பார்த்த முகம் வாசலில் வந்து நின்றதும் கதவு திறந்தது. ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரை உலகத்துக்கு முன்னால் எடுத்துச் சொன்னார். சேதி ஒன்றுதான்: கை கழுவு, காய்ச்சல் என்றால் மறைக்காதே. சொன்ன ஆள் மாறியதும் காது கொடுத்தார்கள்.

சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய டாக்டர் ஆர்மைடா ஃபெர்னாண்டஸும் இந்த வழியில் போனவர்தான். 1999இல் 'ஸ்நேஹா' என்ற அமைப்பைத் தொடங்கி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பஸ்தி எனும் குடிசைப் பகுதிகளுக்குள் வேலையைக் கொண்டுபோனார். 2015இல் தாராவியில் அந்த அமைப்பு ஒரு கலைவிழாவே நடத்தியது. அந்தப் பேட்டைக்காரர்களே தங்கள் கைத்தொழிலால் உடல்நலத்தைப் பற்றிய படைப்புகளைச் செய்தார்கள். என்னால் கலைவிழா நடத்த முடியாது. ஆனால் என் பதிவை முதலில் யாருக்கு அனுப்புவது என்று இப்போது யோசிக்கிறேன். மாவு அரைக்கிற சக்கிக்கார அண்ணாச்சி, பிரசவத்துக்குக் கூடப் போகிற பெரியம்மா, செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் எல்லாரையும் தெரிந்த ஒரு மாமா. இந்த மூன்று பேர் அனுப்பினால் முந்நூறு பேர் கேட்பார்கள். நானே முந்நூறு பேருக்கு அனுப்பினால் முப்பது பேர் என்னைப் பிளாக் செய்வார்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு தந்திரமும் சொல்கிறேன். பழையதை மறுபடி அனுப்ப வெட்கப்படாதீர்கள். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வந்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளம், காலில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்தவர்கள் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்த்தால் தடுப்பு மாத்திரை தருவார். இந்தப் பதிவை ஒரே ஒரு தடவைதான் பேசினேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் மழை பெய்த அன்று அதையே அனுப்புகிறேன். பிப்ரவரியில் அனுப்பினால் யார் கேட்பார்கள்? மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைகிறபோது போனில் வந்து விழ வேண்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. மிச்சமிருப்பதில் இந்த வாரக் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வடாலாவில் ஏறிய ஒரு பெண், துப்பட்டாவால் வாயை மூடி இருமிக்கொண்டே கேட்டது: "ஒரு மாசமா இருமல், தூசியாத்தான் இருக்குமோ?" இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மாநகராட்சி மருந்தகத்தில் சளியைப் பரிசோதித்துப் பாருங்கள். காசு கிடையாது. டி.பி. என்று தெரிந்தால் மருந்தும் இலவசம், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உங்கள் வீட்டில், பக்கத்து கோலியில், உங்கள் டப்பாவில் அப்படி யாராவது இருமிக்கொண்டிருந்தால் அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.