ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் எதற்கு?

(பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எங்கள் பிள்ளையின் பள்ளியில் வீட்டுப்பாடமே கொடுப்பதில்லை, வேறு பள்ளியில் சேர்க்கலாமா?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். வேறு சிலரோ, "எழுதி முடிக்கவில்லை என்று பிள்ளையை வெளியே நிற்க வைக்கிறார்கள்" என்று முறையிடுகிறீர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது ஐந்தோ ஆறோ. விரல்கள் இன்னும் உறுதிப்படாத வயது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து, ஒன்று முதல் நூறு வரை எழுது, ஆங்கில எழுத்தைச் சாய்த்து எழுது, அதையே ஐந்து தடவை எழுது என்றால் பிள்ளை எதைக் கற்கும்? நோட்டைக் கண்டால் ஓடத்தான் கற்கும்.

சரி, இந்த வீட்டுப்பாடத்தை யார் முடிக்கிறார்கள்? படித்த உத்தியோகஸ்தர் வீட்டில் தாயோ தகப்பனோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். நம் வீட்டில்? தகப்பன் இரண்டாவது ஷிப்டில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறான். தாய் நடவு முடிந்து வந்து அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். இங்கே ஒரு தாய் சொன்னார்: பிள்ளை தூங்கிவிட்டதாம், காலையில் அடி விழுமே என்று பயந்து, இடது கையால் கோணல்மாணலாகத் தானே எழுதி வைத்தாராம். எல்லோரும் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நோட்டில் 'நன்று' என்று போட்டார்களே, அது யாருக்கு? அந்தத் தாய்க்காவது எழுதத் தெரியும். தெரியாத தாய், கூலியில் ஒரு பங்கை எடுத்து டியூஷனுக்குக் கட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் முடிய வேண்டிய வேலையை வீட்டுக்கு அனுப்பினால் படித்தவன் பிள்ளை முன்னே போகும். படிக்காதவன் பிள்ளை முதல் வகுப்பிலேயே பின்தங்கும்.

1953-ல் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இன்றைய வீட்டுப்பாடமும் அதுவும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தகப்பன் எந்த நிலையில் இருக்கிறானோ அதை வைத்தே பிள்ளையின் படிப்பு தீர்மானமாவது இரண்டிலும் உண்டு.

இது நம்முடைய அபிப்பிராயம் மட்டுமல்ல. நாவலாசிரியர் ஆர்.கே.நாராயண் 1989-ல் ராஜ்ய சபையில் பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். 1993-ல் பேராசிரியர் யஷ்பால் குழு, தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம், சுற்றுப்புறத்தைப் பார்த்து அறிகிற வேலை மட்டும் இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரியில் தூங்கியது. 2018 மே மாதம் சென்னை ஐகோர்ட்டு, ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: அந்த இரு வகுப்புகளுக்கும் வீட்டுப்பாடம் கிடையாது, மொழியும் கணக்கும்தான் பாடம், புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. 2020-ல் வந்த புத்தகப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம் போதும் என்கிறது. வாரத்துக்கு; நாளைக்கு அல்ல!

அப்படியானால் பிள்ளை எப்படிப் படிக்கும் என்கிறீர்கள். எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து வாசிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் தெரியவேண்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பாட்டாலும் கதையாலும் வகுப்பிலேயே சொல்லித் தருவதுதான் ஏற்பாடு. நோட்டு நிரம்பவில்லையே என்று வட்டிக்கு வாங்கி நர்சரியில் சேர்க்க ஓடாதீர்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர்! ஒருவர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்த்துக்கொண்டு பதிவேடும் நிரப்பினால் எந்தப் பிள்ளையிடம் உட்காருவார்? வாத்தியாரை ஏசிப் பயனில்லை. கூடுதல் ஆசிரியர் கேட்க வேண்டும்.

கேட்கிற இடமும் இருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்கவேண்டும் என்பது அதே சட்டம். பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்கிறது 17-வது பிரிவு. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், ஆசிரியர் எத்தனை, காலியிடம் எத்தனை என்று கேளுங்கள். கூலி போகும் என்றால் முறை வைத்துப் போங்கள்.

தனியார் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்கள் நாளைக் காலையிலேயே ஒரு காரியம் செய்யலாம். மளிகைக் கடைத் தராசில் பையை ஏற்றுங்கள். 2018 சுற்றறிக்கை சொன்ன ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நின்றால் நாலு பேராகச் சேர்ந்து, அந்தப் பையோடு தலைமை ஆசிரியரின் அறைக்குப் போங்கள்.