உங்கள் சங்கம் என்ன செய்கிறது?



சென்ற மாதம் ஒரு சங்கத்தின் பதிவு ஆவணத்தைப் படித்தேன். ‘நோக்கங்கள்’ என்று 17 இருந்தன. கல்வி, மருத்துவம், மரம் நடுதல், முதியோர் நலம், கணினிப் பயிற்சி... அங்கே சந்தா வசூலிக்கும் தம்பியிடம், “உங்கள் சங்கம் என்னப்பா செய்கிறது?” என்றேன். “எல்லாம் செய்றோம், ஐயா” என்றார். அவர்மேல் தவறில்லை. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960 நோக்கத்தை எழுதச் சொல்கிறது. நாமோ பக்கத்துச் சங்கத்தின் படிவத்தைப் பார்த்து எழுதிவிடுகிறோம்!

தெளிவான நோக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையைப் பாருங்கள். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பதே நோக்கம் என்றார். ‘தேவையற்ற’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள்! கண்புரைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. இருந்தும் ஓர் ஏழை இருட்டில் கிடப்பது அநியாயம். இது நம்பிக்கை. அந்த இருட்டை நீக்குவோம் என்பது நோக்கம். ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டன. காசில்லை என்று எவரையும் திருப்பி அனுப்ப அந்தச் சொல் விடாது.

நம் பெங்களூரிலேயே 2000ஆம் ஆண்டு, 5 அரசுப் பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது அட்சய பாத்திரம் அறக்கட்டளை. பசியால் ஒரு குழந்தையும் படிப்பை இழக்கக் கூடாது என்பது அவர்கள் சொன்னது. சமையற்கட்டில் அரிசி களைபவருக்கும் அது புரியும். இன்று எத்தனை குழந்தைகள் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கலாம். கேள்வி கேட்க இடம் தருவதுதான் நல்ல நோக்கம்!

தமிழர்களாகிய நமக்கு இங்கே இன்னொரு கடமை உண்டு: நம் நோக்கம் கன்னடம் பேசும் அடுத்த வீட்டாருக்கும் புரிய வேண்டும். பெங்களூர் அல்சூரில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அடுத்த வீட்டாரின் மனம் திறக்காமல் இந்த ஊரில் எந்தத் தொண்டும் நிலைக்காது.

ஆகவே நண்பர்களே, இன்றிரவே உங்கள் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள். வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லுங்கள். “நிம்ம சங்க ஏனு மாடத்தெ?” (உங்கள் சங்கம் என்ன செய்கிறது?) என்று பக்கத்து வீட்டு அஜ்ஜி கேட்டால், அதையே கன்னடத்தில் சொல்லுங்கள். இருவருக்கும் புரிந்த பிறகு, அந்த வரியைச் சங்கத்தின் வாசலில் எழுதி வையுங்கள்.