வாங்குபவரே வழங்குபவர்



2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் அறிமுகமானபோது அதன் தொடக்க வேகம் நொடிக்கு 256 கிலோபிட். 700 எம்.பி. லினக்ஸ் குறுந்தகடு ஒன்று இறங்க ஆறு மணி நேரமாகும். இடையில் மின்சாரம் போனால், பெரும்பாலும் மறுபடியும் முதலிலிருந்துதான். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன்காரர் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் தனியாளாக எழுதி வெளியிட்டார், கோப்புகளைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கித் தரும் யூடாரண்ட் என்ற மென்பொருளை. ஒரு ஃப்ளாப்பியில் போட்டாலும் இடம் மிஞ்சும். பழைய கணினியிலும் சத்தமில்லாமல் ஓடும். வசதி குறைந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள் என்பதால்தான் அதை இங்கே பேச எடுத்துக்கொண்டேன்.

அதன் அடிப்படை முறை பிராம் கோஹன் 2001இல் தந்த பிட்டாரண்ட். கோப்பு சிறு துண்டுகளாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது பொருந்தாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் மீண்டும் வாங்கினால் போதும். மின்சாரம் போனாலும் வந்தவரை வந்ததுதான். கையில் கிடைத்த துண்டை அப்போதே அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். எந்தத் துண்டு அரிதோ அதையே முதலில் தேடி வாங்குவதால், எந்தத் துண்டும் ஒருவரோடு நின்றுபோவதில்லை. சாரல் சீசனில் குற்றாலப் பேரருவியில் கூட்டம் கூடக்கூட வரிசை நீளும். இங்கே கூட்டம் கூடினால் வேகம் கூடும்.

2006 டிசம்பரில் யூடாரண்டை பிட்டாரண்ட் நிறுவனம் வாங்கியது. பின்னர் விளம்பரங்கள் ஏறின. 2015இல் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலொன்றும் கூடவே வந்தது. எனக்கு அது பெரிய வருத்தம்.

டாரண்ட் என்றாலே திருட்டு என்று நம்மூரில் பதிந்துவிட்டது. உழைத்து எடுத்த படத்தைத் திருடி ஏற்றுவது பிறர் வயிற்றில் அடிப்பதுதான். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் ‘3’ என்ற தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையாணையைக் காட்டி, 2012 மே மாதம் இணையச் சேவை நிறுவனங்கள் டாரண்ட் தளங்களையே மொத்தமாக முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. குற்றம் கோப்பில் இருக்கலாம், வழியில் இல்லை.

அந்த வழி பல இடங்களில் பயன்பட்டது, இன்றும் உயிரோடிருக்கிறது. ஸ்பாட்டிஃபை தொடக்க ஆண்டுகளில் பாட்டுகளைப் பயனர்களின் கணினிகள் வழியாகவும் அனுப்பியது. அதைக் கட்டியவர்களில் ஸ்ட்ரிகேயஸும் ஒருவர். விண்டோஸ், 10ஆம் பதிப்பு முதல், தன் புதுப்பிப்புகளைப் பக்கத்துக் கணினியிலிருந்தும் வாங்கிக்கொள்ளும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் தொகுப்புகளை டாரண்டாகவும் தருகிறது. அங்கே தமிழ் நூல்கள் ஏராளம்.

தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். ஆக்குவதைப் பகிர்ந்துகொண்டோம், காப்பதை மட்டும் எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம் விட்டுவிட்டோம். மத்தளம்பாறையிலிருந்து உலகுக்கு மென்பொருள் போகும் இந்தத் தென்காசி மாவட்டத்தில் காப்பதையும் பகிர்ந்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். கல்லூரிக்கு ஒரு பழைய கணினி போதும். பதிப்புரிமை தீர்ந்த நூல்களை அதில் டாரண்டாக ஏற்றி, இரவில் அணைக்காமல் விடுங்கள். எந்தெந்த நூல்கள் என்ற பட்டியலைத் தமிழ்த்துறை மாணவர்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.